பிள்ளைகளோடு கோலம் போட: அச்சுத் தட்டு, குழல், கலர்ப்பொடி

மார்கழி வந்தால் மயிலாப்பூர் மாடவீதி முதல் ஊர்ச்சந்தை வரை கோலச் சாமான் குவிந்துவிடும். ஓட்டை போட்ட அச்சுத் தட்டு, உருட்டும் குழல், கலர்ப்பொடி மூன்றையும் சேர்த்தே கட்டிக் கொடுப்பார்கள். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு போடுபவர்களுக்கு, காசு கொடுத்து வாங்கத் தகுந்தது தட்டு ஒன்றுதான்.

பிளாஸ்டிக் தட்டே போதும். தகரத் தட்டில் விளிம்பு சரியாக மடிக்கப்படாமல் இருக்கும். பழந்துணியால் ஒரு சுற்று துடைத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் கையையும் கிழிக்கும். ஒரு சாண் அகலத்துக்கு மேல் வேண்டாம், சின்னக் கைக்குத் தூக்க வராது.

தரையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கி, ஈரம் மின்னுவது அடங்கும்வரை பொறுங்கள். அதற்குள் தட்டை வைத்தால் அடியில் நனைந்து, மாவு ஓட்டையில் அப்பிக்கொள்ளும். முழுக்கக் காய்ந்த தரையில் மாவு பிடிக்காமல் காற்றோடு போகும். தட்டில் இரண்டு மேசைக்கரண்டி மாவு போட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையால் ஒரே பக்கமாக இழுத்தால் போதும். கோலம் கலைவது பெரும்பாலும் எடுக்கும்போதுதான். பிள்ளை தட்டை இழுத்து எடுக்கும். பெரியவர் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து, இருவருமாக நேர்மேலே தூக்க வேண்டும்.

குழல் பார்க்க அழகு, பிள்ளைக்கு ஒத்துவராது. உருட்டுகிறபோது நடுவில் நின்றால் அந்த இடத்தில் மாவு குவியும். பின்னால் உருட்டினால் கோடு இரட்டையாகும். மூடி கழன்றால் எல்லாம் கொட்டிவிடும். வாங்கியாகிவிட்டது என்றால் முக்கால் குழல் மட்டும் நிரப்புங்கள்.

மாவில் கவனம் தேவை. கடையில் கோலமாவு என்று தருவது பெரும்பாலும் கல்மாவு. வாயில் விரல் வைக்கிற வயதில் அது கூடாது, அரிசிமாவுதான். நைசான அரிசிமாவு ஈரத்தில் ஒட்டி ஓட்டையை அடைக்கும். வெறும் வாணலியில் சிறு தீயில் சூடேற்றி, ஆறவைத்துச் சலித்தால் உதிரியாக விழும். எறும்பு வரும், வரட்டும். அரிசிமாவில் கோலம் போடுவதே அதற்கும் சேர்த்துத்தானே.

கலர்ப்பொடியை ஒரு சிட்டிகை தண்ணீரில் போடுங்கள். உடனே தண்ணீர் நிறம் மாறி விரலிலும் சாயம் நின்றால் அந்தப் பொட்டலம் வேண்டாம், சிமெண்ட் தரையிலும் கறை விடும். மிக நைசான பொடி பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறும். மஞ்சள் நிறத்துக்கு ஒரு கப் தூள் உப்பில் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் கலந்தால் ஆயிற்று. உப்பு ஈரத்தில் கசியும் என்பதால் வீட்டுக்குள் கறுப்பு சார்ட் அட்டையில் மட்டும் போடுங்கள், செடிப்பக்கம் கொட்டாதீர்கள்.

தட்டு பழகியதும் புள்ளிக்கோலத்துக்குப் போகலாம். நேர்புள்ளி 5, ஒன்றில் நிறுத்தவும்: 1, 3, 5, 3, 1 என்று ஐந்து வரிசை, பதின்மூன்று புள்ளி. புள்ளிக்குப் புள்ளி நான்கு விரல் இடைவெளி. அதற்குக் குறைந்தால் பிள்ளை அடுத்த புள்ளியை வைக்கும்போது முந்தினது உள்ளங்கையில் அழியும். மேல் வரிசையிலிருந்து பின்னால் நகர்ந்துகொண்டே பிள்ளை புள்ளி வைக்கட்டும், பெரியவர் கம்பி, அதாவது கோலக்கோடு, இழுக்கட்டும்.