கடல்நீர்க் கன்டென்சருக்கு எந்தக் குழாய்: குப்ரோநிக்கலா, டைட்டானியமா?

டர்பைனை விட்டு வரும் நீராவியைக் குளிர்வித்துத் திரும்ப நீராக்குவது கன்டென்சர். கல்பாக்கம் மாதிரி கடல்நீரால் குளிர்விக்கும் மின்நிலையங்களில், அதற்குள் கடல்நீர் ஓடும் குழாய்கள் எந்த உலோகம் என்ற கேள்வி வராமல் இருக்காது.

90/10 குப்ரோநிக்கலில் செம்பு சுமார் 90, நிக்கல் சுமார் 10 சதவீதம். கூடவே கொஞ்சம் இரும்பு. வெப்பம் கடத்துவதில் டைட்டானியத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. செம்பு இருப்பதால் பாசியும் சிப்பியும் எளிதில் ஒட்டாது. ஆனால் சாக்கடை கலந்த முகத்துவார நீரில் சல்பைடு இருந்தால் உள்சுவரில் குழி விழ ஆரம்பிக்கும். நீரின் வேகம் விநாடிக்கு இரண்டரை மீட்டரைத் தாண்டினால் குழாயின் நுழைவாய்ப் பக்கம் அரித்துப்போகும்.

டைட்டானியத்துக்கு இந்த இரண்டு பயமும் இல்லை. வெப்பம் கடத்துவது குறைவுதான். அரிப்புக்கென்று கூடுதல் தடிமன் வேண்டாததால் சுவரை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்கி அதைப் பெருமளவு ஈடுகட்டலாம். சரி, அப்படியே பழைய கன்டென்சரில் மாட்டிவிடலாமா? கூடாது. மெலிந்த குழாய் அதிரும். குழாய்களை இடையிடையே தாங்கும் தகடுகளின் இடைவெளியைத் திரும்பக் கணக்கிட வேண்டும். குழாய் முனைகளைப் பிடித்திருக்கும் குழாய்த்தகடு பித்தளை என்றால் டைட்டானியத்தோடு சேர்ந்து அதுதான் அரிபடும். அதைக் காக்க கத்தோடியப் பாதுகாப்பு (சிறு மின்னோட்டத்தால் அரிப்பைத் தடுக்கும் முறை) கொடுக்கலாம், ஆனால் அளவு மீறினால் டைட்டானியம் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை அடையும். அப்புறம், டைட்டானியத்தில் உயிரினங்கள் தாராளமாக ஒட்டும். நீரில் குளோரின் சேர்ப்பதும், குழாய்க்குள் ஸ்பாஞ்ச் பந்துகளை ஓடவிட்டுச் சுத்தம் செய்வதும் கட்டாயம்.

புதிய நிலையம் என்றால் நான் டைட்டானியம்தான் சொல்வேன். கன்டென்சரில் ஒரு குழாய் ஓட்டையானாலும் உப்பு நேராக பாய்லர் நீருக்குள் போய்விடும். நீர் சுத்தமாக, வேகம் மிதமாக இருக்கும் பழைய நிலையத்தில் குப்ரோநிக்கலை மாற்ற அவசரம் இல்லை.