மெரோவேயா, அக்சுமா: எகிப்தைத் தாண்டி முதலில் எங்கே போவது?

நான் படித்த பள்ளிப் புத்தகத்தில் பழைய ஆப்பிரிக்கா என்றால் எகிப்து மட்டும்தான். பிரமிடு, மம்மி, நைல் நதி என்று நாலு பக்கம். அடுத்த பாடம் கிரேக்கம். அந்த நைல் எங்கிருந்து வருகிறது, அதன் மேல்கரையில் யார் ஆண்டார்கள் என்று ஒரு வரிகூடக் கிடையாது. பிறகு நானாகத் தேடிப் படித்தபோதுதான் எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்று புரிந்தது. இப்போது யாராவது "எகிப்து படித்தாயிற்று, அடுத்து எது?" என்று கேட்டால் இரண்டு பெயர் சொல்வேன். சூடானின் மெரோவே, எத்தியோப்பியாவின் அக்சும். சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: இரண்டில் முதலில் எதைப் படிப்பது?

பெரும் ஜிம்பாப்வேயும் டிம்பக்டுவும் இந்த ஒப்பீட்டில் இல்லை. அவை குறைந்தவை என்பதால் அல்ல. பெரும் ஜிம்பாப்வேயின் கல்மதில்கள் 11ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை. டிம்பக்டுவின் ஜிங்கரேபெர் மசூதி 1327இல் எழுந்தது. இரண்டுமே இடைக்காலம். மெரோவேயும் அக்சுமும் அப்படியல்ல. ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த அரசுகள், ஆப்பிரிக்க உள்நாட்டுப் பொருள்களை வெளியுலகுக்கு விற்பதில் போட்டியாளர்கள். அதனால் இவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

முதலில் கண்ணில் படுவது கல். இதில் மெரோவேயின் பலம் எண்ணிக்கை. சூடானில் இருக்கும் பிரமிடுகள் இருநூறுக்கும் மேல், எகிப்தைவிட அதிகம். அவற்றில் மெரோவேயின் பிரமிடுகள் கார்ட்டூமிலிருந்து வடகிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, மணல்மேட்டில் வரிசை வரிசையாக நிற்கின்றன. கீசா பிரமிடைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை விசித்திரமாகத் தெரியும். கீசாவின் சாய்வு ஏறக்குறைய 52 பாகை. இங்கே 70 பாகை வரை போகிறது. ஒல்லியாக, செங்குத்தாக, பெரும்பாலும் 30 மீட்டருக்குள். அடக்க அறை பிரமிடுக்குள் இல்லை, அடியில் பாறையைக் குடைந்து அமைத்திருக்கிறார்கள். கிழக்குப் பக்கம் ஒட்டினாற்போல் ஒரு சின்ன வழிபாட்டு அறை.

ஏன் இவ்வளவு செங்குத்து? சூடானில் நெடுங்காலம் உழைத்த ஃப்ரீட்ரிக் ஹிங்கல் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கிணற்றில் தண்ணீர் இறைக்க ஏற்றம் வைப்போமே, நைல் கரையிலும் அது உண்டு. பிரமிடின் நடுவில் அதுபோல ஒரு மரத்தை நட்டு, கல்லைத் தூக்கித் தூக்கி வைத்துக் கட்டினார்கள் என்றார். ஏற்றத்தின் கை எட்டும் தூரம்தானே அடித்தளம் விரிய முடியும்? அதனால்தான் அடி குறுகி, சரிவு செங்குத்தானது. வயலுக்கு நீர் இறைத்த கருவியே அரசருக்குக் கல்லறையும் எழுப்பியிருக்கிறது.

அக்சுமின் கல் வேறு ரகம். எண்ணிக்கை அல்ல, ஒற்றைக் கல்லின் பிரம்மாண்டம். இறந்தவர்களுக்காக நட்ட கற்கள் என்பதால் நடுகல் என்றே சொல்லலாம். அரசன் எசானாவின் பெயரால் அழைக்கப்படும் கல் 21 மீட்டர், இன்றும் நிற்கிறது. இன்னொன்று 24 மீட்டர். எல்லாவற்றிலும் பெரியது 33 மீட்டர், எடை 500 டன்னுக்கு மேல். அது இப்போது உடைந்து கிடக்கிறது. நிறுத்தும்போதே சாய்ந்து விழுந்திருக்கலாம் என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஒரு நடுகல்லின் படத்தைத் தேடிப் பெரிதாக்கி அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். ஒரு கதவு தெரியும், திறக்க முடியாத கல் கதவு. அதில் பூட்டு கூடச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கு மேலே மாடி மாடியாக ஜன்னல்கள். ஒவ்வொரு மாடிக்கும் இடையில் வட்ட வட்டமாக முனைகள் துருத்திக்கொண்டு வரிசையாக நிற்கும். அக்சும் வீடுகளில் கல்லும் மரமும் மாற்றி மாற்றி வைத்துச் சுவர் எழுப்புவார்கள். குறுக்கே போட்ட உத்தரத்தின் முனை சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குரங்குத் தலை என்று அதற்குப் பெயர். அந்த மர முனைகளைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். செத்துப்போனவருக்குப் பத்து மாடி வீடு, ஒரே கல்லில். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் இதுதான். தெப்ரே தாமோ மலை மடத்தின் தேவாலயத்தில் இதே கட்டுமானத்தை நிஜ மரத்திலேயே பார்க்கலாம்.

கல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். இரண்டையும் பிரிப்பது எழுத்து.

மெரோவே, குஷ் என்ற நாட்டின் பிற்காலத் தலைநகரம். குஷ் நாட்டு அரசர்கள் முதலில் எகிப்திய மொழியில் எழுதினார்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் எகிப்தையே வென்ற பியே என்ற அரசரின் வெற்றிக் கல்வெட்டு 1862இல் சூடானின் ஜெபல் பர்க்கலில் கிடைத்தது. பிடிபட்ட நகரத்துக்குள் நுழைந்த பியே நேராகக் குதிரை லாயத்துக்குப் போகிறார். முற்றுகையில் குதிரைகள் பட்டினி கிடந்து மெலிந்திருப்பதைப் பார்த்து, நீ செய்த மற்ற எல்லாக் குற்றங்களையும்விட இதுதான் என் நெஞ்சை வலிக்கச் செய்கிறது என்று தோற்ற அரசனிடம் கோபப்படுகிறார். அவர் வம்சத்தின் கல்லறைகள் இருக்கும் எல்-குர்ருவில் 24 குதிரைகளின் புதைகுழிகளைத் தோண்டி எடுத்தார்கள். கல்வெட்டுச் சொன்னதற்கு மண் சாட்சி சொல்கிறது.

அப்புறம் மெரோவே தனக்கென்று ஓர் எழுத்தை உருவாக்கிக்கொண்டது. மொத்தம் 23 குறிகள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் புள்ளி வைத்துப் பிரிக்கும் நல்ல வழக்கமும் உண்டு. 1911 வாக்கில் கிரிஃபித் என்ற ஆங்கிலேயர் அந்தக் குறிகளின் ஒலியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் பொருள்? இன்றுவரை உறுதியாகத் தெரிந்த சொற்கள் நூறை ஒட்டித்தான் இருக்கும். வாய்விட்டுப் படிக்க முடியும், புரிந்துகொள்ள முடியாது. கடன் வாங்கிய மொழியில் எழுதியவரை அவர்கள் பேச்சு நமக்குக் கேட்டது. சொந்த மொழியில் எழுதத் தொடங்கியதும் நமக்குக் காது கேட்காமல் போய்விட்டது. இது எனக்குத் தீராத வருத்தம்.

கொஞ்சம் புரிகிற இடமும் உண்டு. கல்லறை வாசகங்களில் திரும்பத் திரும்ப ஒரு வேண்டுதல் வரும். 'அத்தோ' என்றால் தண்ணீர், 'அத்' என்றால் ரொட்டி. போனவருக்கு நிறையத் தண்ணீர் கொடுங்கள், நிறைய ரொட்டி கொடுங்கள் என்று தெய்வங்களிடம் கேட்கிறார்கள். பேரரசின் மற்ற பேச்சு பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்க, பாலைவனத்து வீட்டின் இந்தக் கவலை மட்டும் தெளிவாகக் கேட்கிறது. மெரோவே மொழி வடகிழக்கு ஆப்பிரிக்காவின் நைல்-சகாராக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று குளோத் ரில்லி போன்ற மொழியியலாளர்கள் வாதிடுகிறார்கள். அந்த வழியில் இன்னும் கதவு திறக்கலாம்.

அக்சுமின் கீஸ் எழுத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் மொழி எத்தியோப்பியத் திருச்சபையின் வழிபாட்டில் இன்றும் ஒலிக்கிறது. அந்த எழுத்தில்தான் அம்ஹாரிக், திக்ரிஞ்ஞா மொழிகளை இன்றைக்கும் எழுதுகிறார்கள். தமிழ் படித்தவருக்கு அதன் அமைப்பைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். க, கா, கி என்று நாம் உயிர்மெய் எழுதுவதுபோல, ஒரு மெய்யெழுத்தின் வடிவத்தைச் சற்று மாற்றி ஏழு உயிர்களுக்கும் எழுதுகிறார்கள். 26 மெய், 7 உயிர், 182 வடிவம். முதலில் மெய்யை மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர்கள்தான். 4ஆம் நூற்றாண்டில் எசானாவின் காலத்திலேயே, உயிர்க்குறி இல்லாத கல்வெட்டும் இருக்கிறது, உள்ள கல்வெட்டும் இருக்கிறது. ஒரு மொழி தன் எழுத்தைச் சீர்திருத்திக்கொண்ட நேரத்தைக் கல்லிலேயே பார்க்க முடிகிறது என்றால் சும்மாவா?

இந்த எழுத்து காப்பாற்றிக் கொடுத்தது அக்சுமின் சொத்தை மட்டுமல்ல. ஏனோக்கு நூல் என்ற பழைய யூத நூல் முழுமையாகக் கிடைப்பது கீஸ் மொழியில் மட்டும்தான். 1773இல் ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி பிரதிகளைக் கொண்டுபோன பிறகுதான் ஐரோப்பா அதை முழுதாகப் பார்த்தது. அத்வாவுக்கு அருகில் காரிமா மடத்தில் தோலில் எழுதி வண்ணப்படம் தீட்டிய நற்செய்தி ஏடுகள் இருக்கின்றன. 11ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் போகாது என்று அறிஞர்கள் சொல்லிவந்தார்கள். கரிமக் காலக்கணிப்பு அவற்றை 4 முதல் 7ஆம் நூற்றாண்டுக்குள் கொண்டுபோய் வைத்தது. உலகின் மிகப் பழைய படம் தீட்டிய கிறித்தவ ஏடுகளில் அவையும் சேர்ந்துவிட்டன. எழுத்தைப் பொறுத்தவரை அக்சும் தெளிவாக முன்னால் நிற்கிறது.

உலோகத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெருமை. மெரோவேயில் இரும்பு உருக்கிய கசடு மேடு மேடாகக் குவிந்திருக்கிறது. அந்த வழியே போகும் ரயில் பாதை அப்படிப்பட்ட மேட்டை வெட்டித்தான் போகிறது. அக்சும் நாணயம் அடித்தது, அதுவும் பொன், வெள்ளி, செம்பு மூன்றிலும், 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து. சகாராவுக்குத் தெற்கே சொந்தக் காசு அடித்த முதல் அரசு அது. அரசன் தலைக்கு இரண்டு பக்கமும் தானியக் கதிர். சில வெள்ளி, செம்புக் காசுகளில் அரசன் தலையைச் சுற்றி மட்டும் துளியூண்டு பொன் பூசியிருக்கும். நகம் அளவு காசில் அந்த வேலை! எசானா கிறித்தவரானதும் காசில் இருந்த பழைய சமயக் குறிகளான பிறையும் வட்டமும் போய்ச் சிலுவை வருகிறது. பிற்காலச் செம்புக் காசு ஒன்றில் கிரேக்கத்தில் ஒரு வாசகம்: இது நாட்டுக்கு உவப்பாக இருக்கட்டும். சாதாரண மக்கள் கையில் புழங்கும் காசில் இப்படி எழுதவேண்டும் என்று நினைத்த ஆட்சியை எனக்கு மறக்க முடியவில்லை.

செங்கடல் வணிகம் தெரிந்தவர்களுக்கு அக்சுமில் இன்னொரு ஈர்ப்பு. அதன் துறைமுகம் அதுலிஸ். முசிறியைப் பேசும் அதே செங்கடல் வழிநூல் என்ற பழைய கிரேக்க நூல் அதுலிஸையும் பேசுகிறது. அந்தக் கரைக்கு இந்திய இரும்பும் எஃகும் பருத்தித் துணியும் வந்ததையும், அங்கிருந்து தந்தம் போனதையும் குறித்து வைத்திருக்கிறது.

வீரம் என்று பார்த்தால் மெரோவே. ரோம் எகிப்தைப் பிடித்த சில ஆண்டுகளிலேயே, கண்டகே என்ற பட்டம் தாங்கிய அரசிகளின் நாடு அதன் எல்லையைத் தாக்கியது. ரோமப் பேரரசர் ஆகஸ்டஸின் சிலைகளை உடைத்து எடுத்துப்போனது. 1910இல் ஜான் கார்ஸ்டாங் என்ற ஆங்கில அகழாய்வாளர் மெரோவேயில் தோண்டியபோது, ஒரு கோயில் வாசற்படிக்கு அடியில் ஆகஸ்டஸின் வெண்கலத் தலை கிடைத்தது. உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர் எல்லோரும் மிதிக்கும்படி புதைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் தலையில் கண்ணாடியும் கல்லும் பதித்த கண்கள் இன்னும் விழித்துப் பார்க்கின்றன. உலோகத்தில் மணல் துகள்கள் ஒட்டியிருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். ரோமச் சிலைகளில் இவ்வளவு நன்றாக அது பிழைத்ததற்குக் காரணமே மெரோவே மக்கள் அதைப் புதைத்ததுதான்.

இழப்பிலும் இரண்டும் சளைத்தவை அல்ல. 1834இல் ஃபெர்லினி என்ற இத்தாலிய மருத்துவர் புதையலுக்காக மெரோவே பிரமிடுகளின் தலையை இடித்தார். அரசி அமானிஷகெத்தோவின் பொன் நகைகளைக் கொண்டுபோய் ஐரோப்பாவில் விற்க முயன்றபோது பலர் வாங்க மறுத்தார்கள். ஆப்பிரிக்காவில் இவ்வளவு நுட்பமான நகையா, போலியாகத்தான் இருக்கும் என்றார்கள். இன்று அவை மியூனிக்கிலும் பெர்லினிலும் இருக்கின்றன. அடுத்த நூற்றாண்டில் வந்த அமெரிக்க அகழாய்வாளர் ஜார்ஜ் ரைஸ்னர் ஒழுங்காக, கவனமாகத் தோண்டியவர். அவர்கூட இந்த நாகரிகத்தைக் கறுப்பின மக்கள் எழுப்பியிருக்க மாட்டார்கள் என்றே நம்பினார். அக்சுமையும் நெடுநாள் அரேபியாவிலிருந்து வந்தவர்கள் கட்டியது என்றே எழுதிவந்தார்கள். 24 மீட்டர் நடுகல்லை முசோலினியின் படை 1937இல் ரோமுக்குக் கொண்டுபோனது. திருப்பித் தருவதாக 1947 ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தும், 2005இல்தான் மூன்று துண்டாக விமானத்தில் வந்தது. 2008இல் மீண்டும் நின்றது. 1868இல் எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டையில் பிரிட்டிஷ் படை அள்ளிய எத்தியோப்பிய ஏடுகளில் பெரும்பாலானவை இன்னும் திரும்பவில்லை. சூடானின் காயம் இப்போதும் ஆறாதது: 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் கார்ட்டூமின் தேசிய அருங்காட்சியகமே சூறையாடப்பட்டது.

சரி, எதை முதலில்? என் பதில் அக்சும். அழகு கூடுதல் என்பதற்காக அல்ல. படம் பார்க்க மட்டும் ஆசை என்றால் மெரோவேக்கே போகலாம். ஆனால் ஒரு நாட்டை அதன் சொந்த வாயால் கேட்டுப் படிப்பதுதான் நல்ல தொடக்கம். காசு, கல்வெட்டு, ஏடு மூன்றும் பேசுகிற இடம் அக்சும். பண்டைய ஆப்பிரிக்காவுக்கு எழுத்தும் இல்லை, வரலாறும் இல்லை என்று யாராவது சொன்னால் எசானாவின் ஒரு கல்வெட்டைக் காட்டினால் போதும். மெரோவேயை இரண்டாவதாகத்தான் சொல்கிறேன், ஆனால் கட்டாயம் சொல்கிறேன். ஓர் இளைஞர் மொழி ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட நினைத்தால் அங்கே செய்யவேண்டிய வேலை இன்னும் மலையளவு இருக்கிறது.

அந்த வரிசையில் படித்தால் வழி தானாகவே மெரோவேக்குப் போய்ச் சேரும். எசானா தன் கடைசிக் கல்வெட்டுகளில் ஒன்றில் நைல் கரைக்குப் படையெடுத்ததைச் சொல்கிறார். செங்கல் வீடுகள் இருந்த ஊர்களையும் புல் வேய்ந்த ஊர்களையும் எரித்தேன், கோயில் உருவங்களை உடைத்தேன், தானியத்தையும் பருத்தியையும் ஆற்றில் எறிந்தேன் என்று பட்டியலிடுகிறார். அதில் வரும் 'கஸு' என்ற பெயர் குஷ் நாட்டைக் குறிக்கிறது. மெரோவேயிலேயே அக்சும் அரசனின் கிரேக்கக் கல்வெட்டுத் துண்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது. ஆற்றில் மிதந்துபோன அந்தப் பருத்தி யாருடையதாக இருந்தாலும், குஷ் மக்கள் எழுதி வைத்த கற்கள் அதே மெரோவேயில்தான் இருக்கின்றன. தண்ணீர், ரொட்டி என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அங்கே படிக்கத் தொடங்கலாம்.