கெண்டை ஈயம் வாங்குபவர்கள் கவனிக்க: பச்சைப் பூச்சுக்குள் இருப்பது ஈயம் இல்லை

பேரிக்காய் வடிவம், பச்சை நிறப் பூச்சு, தலையில் பித்தளைச் சுவிவல் (சுழலும் வளையம்), பக்கத்தில் "3 அவுன்ஸ்" என்று முத்திரை. கந்தளாய்க் குளத்தில் பாவிப்பதற்காகத் திருகோணமலை நகரக் கடை ஒன்றில் வாங்கிய ஒரு டசின் ஈயக் குண்டுகள் இவை, கெண்டை பிடிக்கும் தங்கூசியில், அதாவது தூண்டில் நரம்பில், பாரத்துக்குக் கட்டுவது. முதல் நாளே மூன்று, வீசும்போது கழன்று பறந்தன. தங்கூசி அறவில்லை. சுவிவல் தங்கூசியில் அப்படியே தொங்கியது, அதன் அடியில் 6 மில்லிமீற்றர் நீளத்தில் நேரான கம்பித் துண்டு. வளைவும் இல்லை, முறுக்கும் இல்லை. அச்சில் உலோகம் ஊற்றி முடிந்த பிறகு மேலால் குத்தி வைத்த மாதிரி.

மிச்சம் ஒன்பதையும் சோதித்ததில் ஐந்து ஈயமே இல்லை. ஒன்றை இரும்பறுக்கும் வாளால் அறுத்தபோது உலர்ந்த தூள் பொலபொலவென்று கொட்டியது. ஈயத்தை அறுத்தால் அப்படி வராது. மெழுகு மாதிரி வாளின் பற்களில் அப்பும், வெட்டுமுகத்தில் நகம் பதியும். இதில் நகம் வழுக்கியது. காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இரும்பும் இல்லை. நாகம், அதாவது துத்தநாகம்.

கடைக்காரரின் பதில்: "பாவிச்ச சாமான் திருப்பி எடுக்கிறேல்ல தம்பி. வீசத் தெரியாட்டி பறக்கத்தான் செய்யும்." இரண்டாம் முறை போனபோது கதை மாறியது. வெளிநாட்டில் ஈயத்தைத் தடை செய்துவிட்டார்களாம், இதுதான் இப்போது வருகிற வகையாம். இது அரைகுறை உண்மை. பிரித்தானியாவில் 1987 முதல், அன்னங்கள் விழுங்கி நஞ்சாகிச் செத்ததால், 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட தூண்டில் ஈயங்களை விற்கத் தடை உண்டு. 3 அவுன்ஸ் என்பது 85 கிராம். அந்தத் தடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாகத்தை நாகம் என்று சொல்லி நாகத்தின் விலைக்கு விற்றால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

தராசில் மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த ஏமாற்று பிடிபடாது. எங்களுடையது 83 கிராம் காட்டியது, இரண்டு கிராம் குறைவு, அவ்வளவுதான். எடையைச் சரிக்கட்ட உருவத்தைப் பெருப்பித்து விட்டிருக்கிறார்கள். ஒரு கன சென்றிமீற்றர் ஈயம் 11.34 கிராம், நாகம் 7.14 கிராம். ஒரே எடைக்கு நாகக் குண்டின் பருமன் ஏறத்தாழ 60 வீதம் கூடும், காற்றை முட்டும் முகப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகலும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் காற்றுக்கு எதிரே வீசிப் பார்த்தால் தெரியும்.

சோதனைக்கு வீட்டுச் சமையல் தராசு போதும். ஒரு கோப்பையில் தண்ணீர் விட்டுத் தராசில் வைத்துச் சுழியமாக்குங்கள். குண்டை நூலில் கட்டி, முழுதாக மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் கையில் பிடியுங்கள். தராசு காட்டும் கிராம்தான் குண்டின் பருமன், மில்லிலீற்றரில். 85 கிராம் ஈயம் 7.5 காட்ட வேண்டும். தடித்த பூச்சுக்கு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். இரும்பு 11க்குக் கிட்ட வரும், நாகம் 12. கோப்பையின் அடியைத் தொட்டால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும், கையை ஆட்டாமல் பிடிக்க வேண்டும். எங்களுடைய ஐந்தும் 11.5ஐத் தாண்டின. பூச்சில்லாத குண்டென்றால் இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை, வெள்ளைத் தாளில் இழுத்தால் ஈயம் பென்சில் மாதிரிக் கோடு விழுத்தும். பூச்சுப் பூசிய குண்டுக்கு ஏன் கூடுதல் காசு கேட்கிறார்கள் என்பதை இந்த இடத்தில் யோசித்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் குண்டின் தலையில் உள்ள சுவிவல் வளையம். நாகம் உங்கள் காசைத்தான் தின்னும், கழன்ற குண்டு பக்கத்தில் நிற்பவரின் மண்டையை உடைக்கும். வீசும் வேகத்தைத் தாங்கத் தலைக்கயிறாக முன்னால் போடும் தடித்த தங்கூசி, குண்டின் அவுன்ஸுக்கு 10 இறாத்தல் தாங்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 3 அவுன்ஸுக்கு 30 இறாத்தல், அதாவது 13.6 கிலோ. வளையம் அதற்கு மேல் தாங்க வேண்டும். குண்டை இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து வைஸில் இறுக்கி, வளையத்தில் 15 லீற்றர் தண்ணீர் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டு ஒரு சின்ன உலுக்கு உலுக்குங்கள். நல்ல குண்டில் கம்பி பாதி உயரம் வரை இறங்கி, நுனி மடிந்திருக்கும், அசையாது. சாதா இரும்புக் கம்பியென்றால் எடுக்க வேண்டாம். அதே குண்டைக் கொட்டியாரக் குடாவிலும் பாவிக்கிறவர்களுக்கு உப்புத் தண்ணீர் சீக்கிரமே பதில் சொல்லும்.

நடுவில் துளையுள்ள குண்டு என்றால் துளை வாயில் பஞ்சுக் குச்சியைச் செருகிச் சுழற்றுங்கள். பஞ்சு இழுபட்டால் தங்கூசியும் அறும். துளையைவிடப் பெரிய துறப்பண அலகைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் பிசிர் போய்விடும், பிறகு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகுங்கள்.

எந்த எடை, எந்த வடிவம் என்று கேட்டவர்களுக்காக: அடியில் மேயும் சாதாக் கெண்டை, மிரிகல் குண்டின் பாரத்தில் தானாகவே முள்ளில் மாட்ட 60 முதல் 85 கிராம் வேண்டும். சேறான அடிக்குத் தட்டையான பேரிக்காய் வடிவம், அது புதையாமல் மேலே இருக்கும். பட்டமரக் கட்டைகள் கிடக்கிற பக்கம் என்றால் குண்டைக் கிளிப்பில் போடுங்கள், சிக்கினால் குண்டு மட்டும் கழல வேண்டும். இல்லாவிட்டால் அறுந்த தங்கூசியோடு மீன் குண்டையும் இழுத்துக்கொண்டு சாகும். கட்லாவுக்கு இந்தப் பாரம் எதற்கு? அது மேல் தண்ணீரில் மேய்கிற மீன்.

ஏமாந்த குண்டுகளை உருக்கி வார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். ஈயம் 327 பாகையில் உருகும், நாகத்துக்கு 420 வேண்டும். இரண்டும் கலந்தால் கஞ்சி மாதிரித் திரண்டு அச்சில் இறங்காது, நல்ல ஈயமும் வீண். பூச்சு எரிகிற புகை வேறு. பழைய பற்றரித் தகடுகளை உருக்குவதை அறவே விட்டுவிடுங்கள்.

பற்றுச்சீட்டில் "ஈயம், 85 கிராம்" என்று எழுதி வாங்குங்கள். எங்களுடையதில் "தூண்டில் சாமான்" என்று மட்டும் இருந்தது. கடைக்காரர் தைரியமாகப் பேசியது அதனால்தான். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் முறைப்பாட்டு இலக்கம் 1977. அறுத்த குண்டையும் கழன்ற சுவிவலையும் எறியாமல் வைத்திருக்கிறோம்.