செவ்வாய்ப்பேட்டைத் தூண்டில் கடை: ஓராண்டு வாங்கிப் பார்த்தபின்

சேலத்தில் தூண்டில் வாங்க நினைப்பவர்கள் இப்போது பெரும்பாலும் கைப்பேசியைத்தான் திறக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அப்பா சேலம் உருக்காலையில் பணி ஓய்வு பெற்ற மாதத்தில், கம்பு, ரீல், நைலான் நரம்பு, முள், பெட்டி எல்லாம் அடங்கிய தொகுப்பு ஒன்றை இணையத்தில் 2,300 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். காவிரிக் கரையில் இருக்கும் பூலாம்பட்டிக்கு மூன்றாம் முறை போனபோது, கம்பின் நுனி வளையத்துக்குள் பதித்திருந்த பீங்கான் விளிம்பு எங்கோ கழன்று விழுந்திருந்தது. அது எங்கள் கண்ணில் படவில்லை. வெறும் தகட்டில் உரசி உரசி நைந்துபோன நரம்பு, நல்ல கெண்டை ஒன்று கரைக்கு இரண்டு முழத் தூரத்தில் வந்து புரண்டபோது பட்டென்று அறுந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தக்கை போன திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் அவருடைய பழைய சக ஊழியர் ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் இந்தக் கடையைக் காட்டினார். ஓராண்டாக அங்கேதான் வாங்குகிறோம் என்பதால், நிறை குறை இரண்டையும் சொல்லும் தகுதி வந்துவிட்டதாக நினைக்கிறேன்.

கயிறும் சணலும் விற்கும் கடைகளுக்கு நடுவில் எட்டடி அகலத்தில் இருக்கும் கடை அது. பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை; அந்த வீதியில் தூண்டில் கடை என்று கேட்டாலே கைகாட்டுவார்கள். வாசலில் வலைக்கட்டுகளும் நைலான் கயிறும் தொங்குகின்றன. உள்ளே சுவரோரம் கம்புகள், மரத்தட்டுகளில் அளவு வாரியாக முட்கள், பழைய பிஸ்கட் டின்களில் ஈயக்குண்டுகள், ஒரு மூலையில் மயிலிறகுத் தண்டைச் சீவிச் செய்த தக்கைகள். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் வயதிருக்கும். நான் போய் நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தண்ணிக்கும்மா போறீங்க?" என்பது. எவ்வளவு விலையில் வேண்டும் என்றோ, எந்த நிறுவனத்தின் பொருள் வேண்டும் என்றோ அவர் கேட்கவில்லை.

அந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கடையை நான் பரிந்துரைக்கிறேன். பூலாம்பட்டி என்றதும், படகுத்துறைப் பக்கமா அல்லது கதவணைக்கு மேலே தேங்கி நிற்கும் தண்ணீரா என்று கேட்டார். கதவணையில் மின்னுற்பத்திக்காகத் தண்ணீரைத் தேக்கித் திறப்பதால் நீர்மட்டம் ஏறி இறங்கும். ஆகையால் தாழ்வான பாறையில் அப்பாவை உட்கார வைக்க வேண்டாம் என்றார். தேங்கிய தண்ணீரில் கரையோரம் பிடிப்பதற்கு ரீல் தேவையில்லை, பன்னிரண்டு அடி மடக்குக் கம்பே போதும் என்று சொல்லி, 2,000 ரூபாய்க்கு ரீல் கம்பு வாங்கப் போனவளிடம் 850 ரூபாய்க் கம்பை எடுத்துக் கொடுத்தார். இன்னொரு நாள், ஏற்காட்டுக்குப் போகும்போது பயன்படும் என்று ஒரு சிறிய கம்பைக் கேட்டேன். "அதுக்கு எதுக்கும்மா கம்பு? அந்த ஏரிய படகுல சுத்திப் பாருங்க, அதுதான் அழகு" என்று எடுத்த கம்பைத் திரும்ப வைத்துவிட்டார். விற்கக்கூடிய பொருளை விற்காமல் அனுப்புகிற கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தக்கையை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதை அவர் சொல்லிக்கொடுத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பயணங்களின் மகிழ்ச்சி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறப்பது. அது மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீரில் மேயும். மிர்கால் தரையைத் துழாவும். ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நரம்பில் தக்கையை ஏற்றி இறக்குவதன் மூலமே எந்த மீனைத் தேடுகிறோம் என்பதை ஓரளவு நாமே தீர்மானிக்க முடிகிறது. இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, மயிலிறகுத் தக்கையின் அடியில் ஈயத்தை ஒவ்வொரு பொடியாக நசுக்கிப் பொருத்தினார். தக்கை முதலில் படுத்துக் கிடந்தது, பிறகு நிமிர்ந்தது, கடைசிப் பொடி ஏறியதும் சிவப்புச் சாயம் பூசிய நுனி மட்டும் ஒரு நெல்லளவு வெளியே தெரிய நின்றது. "இப்ப ஜிலேபி மீன் மூச்சு விட்டாலும் தெரியும்" என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. அடுத்த ஞாயிறு விடியுமுன் எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆற்றின் மேல் பனி இன்னும் விலகவில்லை. அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகும் முதல் படகு கிளம்பவில்லை. தவிடும் கடலைப் புண்ணாக்கும் இரவே ஊறவைத்து உருட்டிக் கொண்டுபோயிருந்தோம்; அப்பா நான்கு உருண்டைகளை ஒரே இடத்தில் விழும்படி எறிந்துவிட்டு, முள்ளில் மண்புழுவைக் கோத்துப் போட்டார். முதல் அரைமணி நேரம் ஜிலேபி மட்டும் வந்தது. அது தக்கையைத் தட்டித் தட்டிக் கொறிக்கும். அவசரப்பட்டு இழுத்தால் வெறும் முள்தான் மிஞ்சும். பிறகு புழுவை மாற்றி மைதா உருண்டை வைத்து, தக்கையை இரண்டடி மேலேற்றி முள்ளைத் தரையில் படும்படி விட்டார். நெடுநேரம் ஒன்றுமில்லை. திடீரென்று தக்கை மூழ்குவதற்குப் பதிலாக மெல்ல எழும்பிப் படுத்துக்கொண்டது. தரையில் கிடந்த ஈயத்தோடு இரையை மீன் தூக்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அப்பா மணிக்கட்டை மட்டும் திருப்பினார். கம்பு அரை வட்டமாக வளைந்து, மிர்கால் ஒன்று ஆழத்திலேயே பக்கவாட்டில் ஓடியது. ஒன்றரைக் கிலோ இருக்கும். அதைக் கோருவலையில் ஏந்தியபோது, அப்பாவின் கை நடுங்கியதை நான் முதல்முறையாகப் பார்த்தேன்; நடுங்கிய கையோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரீல் வாங்கும் நாளும் வந்தது. மேட்டூருக்குப் போக வேண்டும் என்றோம். 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடித்த அந்த ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் 120 அடி வரை தண்ணீர் நிற்கும்; கரையிலிருந்து தூரம் எறியாமல் அங்கே வேலை நடக்காது. அணையை ஒட்டிய பகுதிக்குப் போகக்கூடாது, உரிமம் பெற்ற மீனவர்கள் தொழில் செய்யும் இடம் என்பதால் அவர்களிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் வலை கட்டியிருக்கும் பக்கம் எறியாமல் பிடிக்க வேண்டும் என்று முதலில் சொன்னார். ஏரிகளுக்கும் இதே கண்டிப்புத்தான்: மீன்பாசி குத்தகை, அதாவது அங்கே மீன் பிடிக்கும் உரிமை, யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்காமல் தூண்டில் போடக்கூடாது என்பார். பிறகு 2500 என்ற அளவு எண் கொண்ட ரீலில் நரம்பைச் சுற்றி, அதன் நுனியில் ஒரு கிலோ எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, ரீலின் தலையில் இருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். கல் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கிய இடத்தில் நிறுத்தினார். நான்கு கிலோ தாங்கும் நரம்புக்கு ஒரு கிலோ இழுப்பில் ரீல் வழுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த வழுக்கல் இருந்தால் பெரிய மீன் ஓடும்போது நரம்பு அறுவதற்குப் பதில் ரீலிலிருந்து வெளியேறும். முடிச்சை இறுக்கும்முன் எச்சிலால் நனைக்கச் சொன்னதும் அங்கேதான். காய்ந்த நரம்பு இறுகும்போது உரசிச் சூடேறி அந்த இடத்திலேயே பலம் இழக்கும். இணையத்தில் வந்த தொகுப்போடு இவற்றில் எதுவும் வரவில்லை.

நீர்மட்டம் வெகுவாக இறங்கியிருந்த கோடையில் அதே நீர்த்தேக்கத்தின் பண்ணவாடிப் பரிசல்துறைக்குப் போனோம். அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் நினைவாக, ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தண்ணீருக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. அப்பா அதைப் பார்த்தவாறே நின்று எறிந்துகொண்டிருந்தார். மாலை வரை இரண்டு கெளுத்திகள் மட்டுமே கிடைத்தன. கெளுத்தி தக்கையை நேர்க்கீழாக இழுத்துக்கொண்டு போகும். துடுப்பு முட்களுக்குப் பின்னால் விரல்களைக் கொடுத்துப் பிடிக்காவிட்டால் கை கிழியும். இரண்டு மீன்களுக்காக அவ்வளவு தூரம் போனோமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் மணிக்கணக்காக வாய் திறக்காத அப்பா, அன்று தான் சிறுவனாக மூங்கில் கழியும் வளைத்த ஊசியுமாக ஏரிக்கரையில் கிடந்த நாட்களை எல்லாம் எனக்குச் சொன்னார்.

இனி குறைகள். முக்கியமான குறை ஒன்று எங்களுக்கு நேர்ந்தது. பிப்ரவரியில் வாங்கிய நரம்பு, மூன்று கிலோகூட இல்லாத ஒரு ரோகுவின் முதல் ஓட்டத்திலேயே அறுந்தது. முடிச்சு அப்படியே இருக்க, நடுவில் அறுந்திருந்தது. வீட்டுக்கு வந்து மீதி நரம்பைக் கையில் சுற்றி இழுத்தால் நூல்போல் தெறித்தது. நைலான் நரம்பை வெயில் தின்றுவிடும் என்பது தெரிந்ததே. அந்தக் கடையிலோ நரம்புச் சுருள்களை மேற்குப் பார்த்த வாசலிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். எடுத்துப்போய்க் காட்டியதும் அவர் வாதாடவில்லை. தானும் ஒரு முழம் இழுத்துப் பார்த்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சுருள்கள் அத்தனையையும் உள்ளே இருக்கும் இழுப்பறைக்கு மாற்றினார். இப்போது உள்ளேதான் வைத்திருக்கிறார். இருந்தாலும், வாங்குபவர்கள் ஒரு முழம் இழுத்துப் பார்த்து வாங்குவது நல்லது. நல்ல தரமான பின்னல் நரம்பு இந்தக் கடையில் பல நேரம் இருப்பதில்லை என்பதும், கேட்டால் எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்வதில்லை என்பதும் எனக்கு வருத்தமே. கணினி ரசீது கிடையாது. துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்.

விரால் பிடிக்க விரும்புபவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். விராலுக்குப் போலி இரையாகப் போடும் ரப்பர் தவளைகளை அவர் எல்லா நேரத்திலும் எல்லாருக்கும் விற்றுவிடுவதில்லை. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மேல் துள்ளும். அவற்றின் அடியிலேயே தாய் தகப்பன் காவல் நிற்கும். அப்போது எதைப் போட்டாலும் காவல் மீன் பாய்ந்து கடிக்கும் என்பதால், சிலருக்கு அதுவே விரால் பிடிக்கும் பருவமாகிவிட்டது. காவல் மீனைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் முடித்துவிடும். எந்த ஏரியில் குஞ்சு கட்டியிருக்கிறது என்று அவருக்குத் தகவல் வந்துவிடும். அந்த ஏரிக்குப் போகிறேன் என்பவருக்கு, "ரெண்டு மாசம் கழிச்சு வாங்க தம்பி" என்று சொல்லித் தவளையைக் கொடுக்க மறுக்கிறார். என் கண்ணெதிரே ஓர் இளைஞர் கோபித்துக்கொண்டு போனார். எனக்கு அவர் செய்தது முழுக்கச் சரியென்றே பட்டது.

விலைகளைச் சொல்லிவிடுகிறேன். மடக்குக் கம்பு 850 ரூபாயில் தொடங்குகிறது. நாங்கள் வாங்கிய ரீல் கம்பு ரீலோடு 2,150 ரூபாய். மயிலிறகுத் தக்கை 20 ரூபாய், பத்து முட்கள் கொண்ட சீட்டு 40 ரூபாய். முள் வாங்கும்போது எண் பெரிதானால் முள் சிறிது என்பதை நினைவில் வையுங்கள். ஜிலேபிக்கு 10-ஆம் எண்ணும், கெண்டைக்கு 6-ஆம் எண்ணும் எங்களுக்குச் சரியாக வந்தன. ஈயக்குண்டை எடை போட்டுத் தருகிறார். நுனி வளையம் தேய்ந்த கம்பைக் கொண்டுபோனால் 60 ரூபாய்க்குப் புது வளையம் வைத்துத் தருகிறார். இணையத்தில் வாங்கிய அந்தக் கம்புக்கும் அப்படித்தான் உயிர் வந்தது, இப்போது அதை நான் பிடிக்கிறேன்.

காலை 10 மணிக்குத் திறக்கிறார். மதியம் இரண்டு மணிநேரம் சாத்தியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று அவரும் ஆற்றுக்குப் போய்விடுவதால், ஞாயிறு காலைக்கு வேண்டியதைச் சனிக்கிழமை மாலை 7 மணிக்குள் வாங்கிவிடுங்கள். மண்புழு கடையில் கிடைக்காது. வாழைத் தோட்டத்து வாய்க்கால் ஓரம் தோண்டிக்கொள்ளச் சொல்வார்.