சுடுதளத்துக்கு எந்தக் கண்ணாடி? நிறத்துக்கு முன்னால் பவரைப் பாருங்கள்

பாரிஸ் ஒலிம்பிக் நடந்த 2024க்குப் பிறகு, எங்கள் சுடுதளத்துக்கு வரும் புதியவர்களில் பலர் இரண்டு படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒன்று, ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக்கண்ணாடியோடு சுட்டு, ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கிய துருக்கி வீரர் யூசுஃப் டிகெச். இன்னொன்று, ஏதோ கருவி பொருத்தியது போன்ற கண்ணாடியோடு பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெள்ளி வாங்கிய கொரியாவின் கிம் யெஜி. ஒருவர் "ஸ்பெஷல் கண்ணாடியெல்லாம் தேவையில்லைதானே, அண்ணே?" என்று கேட்பார். அடுத்தவர் "அந்த மாதிரி ஒண்ணு எங்க வாங்கலாம்?" என்பார். இருவருக்கும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கண்ணின் பவர் என்ன?

நான் சுடுவது பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல். அவ்வப்போது 25 மீட்டர் பிஸ்டலும் உண்டு. 37 மி.மீ. வட்ட லென்ஸ் போடும் நோப்ளோக் பிரேம் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். ஜெர்மனியில் செய்யப்படுவது. சுவிட்சர்லாந்தின் சாம்பியன் பிரேம்களும் இதே வகைதான், நண்பர்கள் சிலர் வைத்திருக்கிறார்கள். கண்ணாடியைப் பற்றிப் பேச்சு வந்தாலே மஞ்சளா, சாம்பலா, ஆரஞ்சா என்று நிறத்துக்குத் தாவிவிடுகிறோம். என் அனுபவத்தில் நிறம் கடைசியில் வரவேண்டிய விஷயம். முதலில் பவர், அடுத்து லென்ஸ் கண்ணுக்கு முன்னால் உட்காரும் இடம், அப்புறம் சுடாத கண்ணை மறைக்கும் பிளைண்டர்.

தினமும் போடும் கண்ணாடி ஏன் போதாது? பிஸ்டல் பிடித்து நிற்கும்போது உடம்பு பக்கவாட்டில் இருக்கும், தலை மட்டும் இலக்கைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அப்போது நாம் கண்ணாடியின் நடுவால் பார்ப்பதில்லை, மூக்கை ஒட்டிய ஓரத்தால் பார்க்கிறோம். ரைஃபிள்காரர்களுக்கு இது இன்னும் கூடுதல். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்துத் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்ப்பதால், லென்ஸின் மேல் மூலையால் பார்க்க வேண்டியிருக்கும். பவர் சிறியதாக இருந்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் சிங்கப்பூர், உலகிலேயே கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ள ஊர்களில் ஒன்று. நம் பிள்ளைகளில் மைனஸ் 4, மைனஸ் 6 என்று போடுகிறவர்கள் எத்தனை பேர்! அந்த அளவு பவரில் லென்ஸ் ஓரத்தால் பார்த்தால் உருவம் மங்கும், லேசாக இடமும் மாறும். ஒவ்வொரு குண்டுக்கும் தலை கொஞ்சம் வேறு மாதிரி நின்றால், மங்கலும் வேறு மாதிரி ஆகும்.

சுடும் கண்ணாடியின் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. லென்ஸைத் தாங்கும் வளையத்தை மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தலாம், சாய்க்கலாம், திருப்பலாம். பார்வைக்கோட்டுக்கு நேர் செங்குத்தாக, லென்ஸின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேராக வரும்படி நிறுத்த வேண்டும். இதை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு செய்யக்கூடாது. சுடும் நிலையில் நின்று, கண்ணை மூடி, தலையை இயல்பாக வைத்து, பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று, இலக்குப் பக்கத்திலிருந்து பார்த்து "இன்னும் கொஞ்சம் மூக்குப் பக்கம்" என்று சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, தளம் பாதுகாப்பாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். கண்ணில் சிலிண்டர் பவர் (பார்வைச் சிதறலுக்கான பவர்) உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை: வட்ட லென்ஸ் வளையத்துக்குள் சுழன்றுவிடும், அதனால் அச்சு மாறிவிடும். லென்ஸின் விளிம்பில் சிறு கோடு போட்டுத் தரும்படி கடையிலேயே கேட்டு வாங்குங்கள். வளையத்திலும் அதே இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் ஒரே பார்வையில் சரிபார்த்துவிடலாம்.

இப்போது பவர். இதில்தான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

பிஸ்டலில் கண் தெளிவாகப் பார்க்க வேண்டியது முன்சைட்டை, அதாவது குழல் நுனியில் இருக்கும் குறியை. இலக்கின் கறுப்பு வட்டம் மங்கலாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஏர் பிஸ்டல் இலக்கில் கறுப்பின் விட்டம் 59.5 மி.மீ., பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. அந்தப் பத்தைக் கண்ணால் தேடுகிறவர் முன்சைட்டை விட்டுவிடுவார். முன்சைட்டும் பின்சைட்டும் ஒன்றுக்கொன்று நேராக அமையாவிட்டால் பிழை மிகப் பெரிதாகும், கை கொஞ்சம் ஆடினால் அவ்வளவு ஆகாது. கண்ணிலிருந்து முன்சைட் ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. தூரப் பார்வைக்குச் சரியான கண்ணாடி போட்ட கண்ணுக்கு ஒரு மீட்டரில் தெளிவு வேண்டுமானால் +1.00 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) கூட்ட வேண்டும். அப்படிச் செய்தால் முன்சைட் கத்தி முனை மாதிரி தெரியும், ஆனால் இலக்கு கரைந்து சாம்பல் புகையாகிவிடும். ஒன்றும் கூட்டாவிட்டால் இலக்கு தெளிவாகி கண் அதன் பின்னால் ஓடும். இரண்டுக்கும் நடுவில் +0.50. மைனஸ் 3.00 போடுகிறவருக்குச் சுடும் லென்ஸ் மைனஸ் 2.50 என்று ஆகும். பெரும்பாலான பிஸ்டல்காரர்கள் +0.50க்கும் +0.75க்கும் இடையில்தான் வந்து நிற்பார்கள். ரைஃபிளில் பின்சைட்டின் சிறு துளையே தெளிவின் ஆழத்தை, அதாவது கிட்டமும் தூரமும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும் எல்லையை, கூட்டிவிடுவதால், அவர்களுக்குப் பெரும்பாலும் +0.25 முதல் +0.50 வரை போதும்.

இதைக் கண்ணாடிக் கடையில் புரியவைப்பதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. சிராங்கூன் ரோடு பக்கம் நான் வழக்கமாகப் போகும் கடையில் கண் பரிசோதிக்கும் அம்மா, "தூரத்துக்கு நல்லாத் தெரியிற பவரை ஏன் சார் குறைக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேறு நாடுகளில் சிலர் துப்பாக்கியையே கடைக்குக் கொண்டுபோய்ப் பிடித்துக் காட்டுவார்களாம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஏர் பிஸ்டலும் சட்டப்படி உரிமம் தேவைப்படும் துப்பாக்கிதான், அது கிளப்பின் ஆயுதக் கிடங்கை விட்டு வெளியே வராது. அதனால் சுடுதளத்தில் சுடும் நிலையில் நின்றபடி, கண்ணிலிருந்து முன்சைட் வரை உள்ள தூரத்தை ஒரு நண்பரை விட்டு டேப்பால் அளந்துகொண்டேன். முன்சைட்டின் அகலத்துக்கு, அதாவது நாலரை மி.மீ. அளவுக்கு, கறுப்பு அட்டையில் ஒரு பட்டை வெட்டி ஒரு குச்சி நுனியில் ஒட்டி எடுத்துப்போனேன். சோதனை பிரேமில் லென்ஸ் போட்டு, அதே தூரத்தில் அந்தப் பட்டையையும் பின்னால் சுவரில் ஒரு கறுப்பு வட்டத்தையும் பார்த்தபோது அந்த அம்மாவுக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. +0.25, +0.50, +0.75 என்று மாற்றி மாற்றி வைத்தார். பட்டையின் மேல் விளிம்பு கூர்மையாகவும், வட்டம் வட்டமாகவே மங்கியும் தெரிந்த இடத்தில் நிறுத்தினோம். காலையில், கண் களைக்காத நேரத்தில் போங்கள். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு மாலையில் போனால் கிடைக்கும் பவரை நான் நம்ப மாட்டேன்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இளம் கண், பவர் சரியில்லாவிட்டாலும் தானே குவித்துச் சமாளித்துக்கொள்ளும். வெள்ளெழுத்து தொடங்கிய கண்ணால் அது முடியாது. போட்டியின் முதல் பாதியில் முன்சைட் தெளிவாக இருந்து பின்பாதியில் மங்குகிறது என்றால், தசை களைத்துவிட்டது என்று பொருள், கண்ணைப் பரிசோதிக்கும் நேரம் வந்துவிட்டது. ஒரே லென்ஸில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பவர் மாறும் புரொக்ரெசிவ் கண்ணாடியோடு சுடாதீர்கள். சரியான பவர் பகுதியைத் தேடி முகவாயைத் தூக்கிக்கொண்டே நிற்பீர்கள், கழுத்து இறுகிவிடும்.

பிளைண்டர் மலிவான பொருள், ஆனால் பலன் பெரியது. ஒரு கண்ணை இறுக்கி மூடிச் சுட்டால் முகத் தசை இழுபடும், திறந்த கண்ணும் சுருங்கும். அதனால் சுடாத கண்ணைத் திறந்தே வைத்து, அதன் முன்னால் ஒரு தகட்டை நிறுத்துகிறோம். சர்வதேச விதிப்படி அந்தத் தகடு 30 மி.மீ. அகலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, பக்க மறைப்புகள் 40 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. கறுப்புத் தகடு வாங்காதீர்கள். இரண்டு கண்மணிகளும் சேர்ந்தே விரியும், சேர்ந்தே சுருங்கும். ஒரு கண்ணை இருட்டாக்கினால் சுடும் கண்ணின் மணியும் விரிந்து தெளிவின் ஆழம் குறையும். வெளிச்சம் ஊடுருவும் பால்வெள்ளைத் தகடுதான் நல்லது.

சரி, நிறம். உள்ளரங்க 10 மீட்டர் தளத்தில் இலக்கின் மேல் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. வெள்ளைத் தாளில் கறுப்பு வட்டம், மாறாத விளக்கு. இங்கே எந்த நிறமும் தேவையில்லை, தெளிந்த லென்ஸே போதும். வெள்ளை மிகவும் பளிச்சென்று கண்ணைக் கூசினால் மட்டும் மிக லேசான சாம்பல் போடலாம்.

திறந்தவெளி 25 மீட்டரில் கதை வேறு. நாம் நிற்பது கூரைக்குக் கீழே நிழலில், இலக்கு நிற்பது வெயிலில். நம்மூர் வானமோ அரை மணி நேரத்தில் மூன்று முகம் காட்டும். மதிய வெயிலில் கண்ணைக் குத்தும் வெள்ளை, மூன்று மணிக்குக் கருமேகம், நான்கு மணிக்கு இடியோடு மழை. மேகம் மூடிய நேரத்தில் வெளிர்மஞ்சள் ஃபில்டர் எனக்கு உண்மையிலேயே உதவுகிறது. மஞ்சள் நீல ஒளியைத் தடுக்கிறது. நீலம் கண்ணுக்குள் மற்ற நிறங்களை விட முன்னாலேயே குவிந்துவிடுவதால் விளிம்பில் ஒரு மங்கலைச் சேர்க்கும். அதை எடுத்துவிட்டால் சைட்டின் விளிம்பு எழுந்து நிற்கிற மாதிரி தெரியும். ஆனால் மஞ்சள் வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை, கூட்டியது போன்ற உணர்வைத்தான் தருகிறது. உச்சி வெயிலில் அதையே போட்டுக்கொண்டிருந்தால் கண் எரியும். அந்த நேரத்துக்குச் சாம்பல்தான். அது எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும்.

எவ்வளவு அடர்த்தி என்பதைக் கவனமாகப் பாருங்கள். வெயில் கண்ணாடிகளில் 0 முதல் 4 வரை வகை எண் இருக்கும். 43 முதல் 80 விழுக்காடு ஒளியை விடுவது வகை 1, 18 முதல் 43 வரை விடுவது வகை 2. கடற்கரைக்குப் போடும் வகை 3 கண்ணாடி 8 முதல் 18 விழுக்காடு ஒளியைத்தான் விடும். அதோடு பிஸ்டல் சுட்டால் கண்மணி விரிந்து, சைட் மங்கிவிடும். என்னிடம் இருப்பவை வகை 1 மஞ்சள், வகை 2 சாம்பல், இரண்டுதான். நாலைந்து நிறம் கொண்ட பெட்டி வாங்கிய நண்பர்களும் கடைசியில் இந்த இரண்டையே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கூசும் பிரதிபலிப்பைத் தடுக்கும் போலரைஸ்டு லென்ஸை நான் சிபாரிசு செய்வதில்லை. எலக்ட்ரானிக் இலக்கின் திரையைச் சில கோணங்களில் அது இருட்டாக்கிவிடும்.

ரைஃபிள்காரர்கள் நிறக் கண்ணாடிக்குச் செலவழிக்கவே வேண்டாம். பின்சைட்டின் துளையைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸிலேயே ஃபில்டர்கள் உள்ளமைந்த வகைகள் உண்டு, ஒரு திருகலில் மாற்றிவிடலாம். களிமண் தட்டு சுடுகிறவர்களுக்கு மட்டும் நிறம் முதலிடத்துக்கு வரும். ஆரஞ்சுத் தட்டு பச்சை மரங்களின் பின்னணியில் பறக்கும்போது, ரோஜா அல்லது செந்தூர நிற லென்ஸ் பச்சையை அடக்கி ஆரஞ்சைத் தூக்கிக் காட்டும். ஷாட்கன் சுடும் என் நண்பர் அதில்தான் பணம் போட்டிருக்கிறார், அது சரியான செலவு.

ஐரிஸ் என்னும் சுருங்கும் துளையை லென்ஸுக்கு முன்னால் மாட்டலாம். தெளிவின் ஆழம் கூடும், ஆனால் வெளிச்சம் போய்விடும். மங்கலான தளத்தில் அது தொல்லை. தேவைக்கு மேல் சுருக்காதீர்கள், துளை நடுவில் நிற்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. வட்ட லென்ஸ் பிரேம் பக்கவாட்டில் எதையும் தடுக்காது, லென்ஸும் எப்போதும் உடையாத வகை என்று சொல்ல முடியாது. 25 மீட்டரில் பக்கத்து ஆளின் .22 பிஸ்டலிலிருந்து சூடான தோட்டாக்கூடு தெறித்து வரும். சுடுகிறவர்கள் எல்லாருமே உடையாத கண்ணாடி அணிய வேண்டும் என்று சர்வதேச விதிப் புத்தகமே வலியுறுத்துகிறது. சுட்டு முடித்துப் பின்னால் உட்கார்ந்து பார்க்கும்போது பாலிகார்பனேட் சுற்றுக்கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். 25 மீட்டருக்கான என் லென்ஸையும் பாலிகார்பனேட்டில் செய்துவாங்கினேன்.

நம்மூர் ஈரப்பதம் இந்தப் பொருள்களுக்குக் கடும் சோதனை. குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்கியதும் லென்ஸ் முழுக்கப் பனி படரும், பத்து நிமிடம் பெட்டியைத் திறந்து வைத்தால் அதுவே போய்விடும். வியர்வையில் மூக்குத்தாங்கி வழுக்கி, லென்ஸ் இரண்டு மி.மீ. இறங்கினாலும் நடுப்புள்ளி போச்சு. பிரேமோடு வரும் தலைப்பட்டி இதற்காகத்தான், சோம்பல் பார்க்காமல் கட்டுங்கள். திருகுகளில் வியர்வை உப்பு படிந்து துரு வரும், துடைத்து வையுங்கள். ஒரு லென்ஸின் மேற்பூச்சு வெடிப்பு விட்டது, வெயிலில் நின்ற காருக்குள் இருந்த நாளுக்குப் பிறகு. இப்போது பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும், பெட்டி எப்போதும் என் தோள்பையிலும்.

உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக ஏர் ரைஃபிள் எடுத்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பதும் இதுதான், உடனே வாங்கிவிடலாமா என்று. முழு செட்டுக்கும் சில நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும். முதல் சில மாதம் இருக்கும் கண்ணாடியோடே சுடட்டும். கண் பரிசோதனையைப் புதுப்பித்து, பிரேம் வழுக்காமல் இறுக்கி, பயிற்சியாளர் அனுமதித்தால் ஒரு பால்வெள்ளைப் பிளைண்டர் மாட்டினால் போதும். பிள்ளை தொடர்ந்து போகிறது, பவரும் அதிகம் என்றால் பிரேமும் ஒரு தெளிந்த லென்ஸும் வாங்குங்கள். வளரும் வயதில் பவர் மாறிக்கொண்டே இருக்கும். அப்போது லென்ஸை மட்டும் மாற்றினால் போதும், பிரேம் பல ஆண்டு நிற்கும். ஐரிஸ், ஃபில்டர் எதுவும் பள்ளிப் போட்டிக்குத் தேவைப்படாது.