காம்ரேட்ஸ் ஓட்டத்துக்கு எலாஸ்டிக் இடுப்புப் பை: நீரிழிவுக்காரர்களுக்கு எப்படி?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தில் நீரிழிவு விழிப்புணர்வுக்காக ஓடுபவர்கள் இரண்டு ஜிப் உள்ள அகலப் பையையே வாங்கலாம். சுமார் 90 கி.மீ., 12 மணி நேர வரம்பு. ஒற்றை அறை போதாது. ஒன்றில் சர்க்கரை பார்க்கும் மீட்டர், அதற்கான ஸ்டிரிப். மற்றதில் 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரைகள். சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் நான்கு மாத்திரை மென்று, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

துணி வியர்வையை உறிஞ்சிக்கொள்வது பெரிய குறை. ஈரமான ஸ்டிரிப் தப்பாகக் காட்டும். மூடிய டப்பியோடே வையுங்கள். உடம்புச் சூட்டில் இன்சுலின் வீரியம் குறையும், அதற்கு இந்தப் பை ஆகாது. கொக்கி சுமார்தான்: டர்பனை நோக்கி ஓடும்போது வரும் ஃபீல்ட்ஸ் ஹில் குன்றின் இறக்கத்தில் நழுவும், நுனியை முடிச்சுப் போடவும். பளபள நிறத்துக்குக் கூடுதல் ரேண்ட் (அந்நாட்டுப் பணம்) தண்டம். விழிப்புணர்வு வாசகம் சட்டையில் இருக்கட்டும், ஓட்ட எண்ணை மறைக்காமல்.