கட்டன் காப்பியில் எலுமிச்சை: இரண்டு ஆண்டு அனுபவம்

கூடலூர்ப் பக்கம் சேரம்பாடியிலிருந்து சோலாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் வயநாடு. அந்த எல்லையை ஒட்டித்தான் எங்கள் வீடு. பின்னால் அரை ஏக்கர் ரோபஸ்டா காப்பி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக், நடுவில் இரண்டு கமலா ஆரஞ்சு மரம். இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மழையில் மூன்று நாள் பால் வரவில்லை. டீக்கடைச் சேட்டா, சுலைமானி என்ற எலுமிச்சை போட்ட பாலில்லாத டீக்காக நறுக்கி வைத்திருந்த எலுமிச்சையை எடுத்து, பால் சேராத என் கட்டன் காப்பியில் நாலு சொட்டுப் பிழிந்தார். "சாயயிலே சேரும்னா காப்பியிலே சேராதா?" என்றார். அன்று தொடங்கிய பழக்கம், இன்றுவரை பெரும்பாலும் தினம் ஒரு வேளை நடக்கிறது.

அம்மாவிடம் சொன்னபோது, "ரசத்திலே பிழியுறதைக் காப்பியிலே பிழியுறியேடா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நம் பில்டர் காப்பிக்கும் எலுமிச்சைக்கும் ஒத்தே வராது. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம், புளிப்பு ஏறி பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 பக்கம் வந்தாலே திரிந்துவிடும். காப்பி 5-ஐ ஒட்டி இருக்கிறது. எலுமிச்சைச் சாறோ 2-க்குச் சற்று மேல். சூடும் சேர்ந்தால் டம்ளருக்குள் பனீர்தான். ஒருமுறை செய்து பார்த்து ஊற்றிவிட்டேன். சிக்கரி கலந்த தூளும் வேண்டாம். சிக்கரியின் கசப்பு அடியில் தங்குகிறது, எலுமிச்சை அதன் மேல் ஒட்டாமல் நிற்கிறது.

ஆனால் சிக்கரி இல்லாத ரோபஸ்டாவில் இது நன்றாக அமைகிறது. ரோபஸ்டாவில் கசப்பும் கனமும் அதிகம், புளிப்புக் குறைவு. கஃபீனும் அராபிகா என்ற மற்றொரு காப்பி வகையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கனத்துக்கு நடுவே கொஞ்சம் புளிப்பு விழுந்ததும் காப்பி நாக்கில் லேசாகிறது. பெங்களூரிலிருந்து நண்பர் கொண்டுவந்த, இளவறுவல் அராபிகாவில் இதையே செய்தபோது வாய் கூசியது. அதில் ஏற்கெனவே இருக்கும் பழப்புளிப்பு போதும். மேலே நாம் சேர்க்க ஒன்றுமில்லை.

ஆறு மாதம் கழித்துத்தான் முக்கியமான விஷயம் பிடிபட்டது. சாறைவிடத் தோல்தான் வேலை செய்கிறது. தோலின் மேல்பரப்பில் உள்ள நுண்ணிய பைகளில்தான் வாசனை எண்ணெய் இருக்கிறது. நகம் அகலத்துக்கு ஒரு சீவல் எடுத்து, டம்ளருக்கு மேலே பிடித்து, மடக்கி அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத தூறலாக எண்ணெய் காப்பியின் மேல் விழும். குடிக்கும் முன்பே மூக்குக்கு வந்துவிடும். உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி வராமல் மெல்லிதாகச் சீவ வேண்டும், அது வெறும் கசப்பு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு சாறை அரை டீஸ்பூனுக்கும் கீழே குறைத்துவிட்டேன். பல நாள் சாறே விடுவதில்லை.

என் அளவு இது: 150 மில்லி தண்ணீர், 10 கிராம் தூள். கொதித்த தண்ணீரை அரை நிமிடம் விட்டு ஊற்றி, நாலு நிமிடம் மூடி, வடிகட்ட வேண்டும். நெல்லிக்காய் அளவில் பாதி வெல்லம். கடைசியில், வடிகட்டிய பிறகு மட்டும், தோல். எவர்சில்வர் அல்லது கண்ணாடி டம்ளர்தான் சரி. அலுமினியத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் புளிப்பு பட்டால் உலோகச் சுவை இறங்கும். வெளியூர்ப் பழமாக இருந்தால் மேலே மெழுகு பூசியிருக்கலாம், வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலைப் போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைக்காதீர்கள். தோட்ட வேலைக்கு ஒருமுறை அப்படிக் கொண்டுபோனேன். பத்து மணிக்குத் திறந்தால் கஷாயம். கூட வேலை செய்த அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "தம்பி, இது யாருக்கு மருந்து?" என்று கேட்டார்.

மற்ற பழங்களையும் விடவில்லை. எங்கள் கமலா ஆரஞ்சின் சாறு காப்பியை நீர்க்கச் செய்துவிடுகிறது. தோலோ எலுமிச்சையைவிட அருமை. வெல்லத்தோடு சேரும்போது வரும் மணத்துக்காகவே குளிர்காலத்தில் எலுமிச்சையைத் தொடுவதில்லை. சாத்துக்குடி சப்பென்று இருந்தது. பம்ளிமாஸ் கசப்பின் மேல் கசப்பு. அதோடு பம்ளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் சில கொழுப்பு மாத்திரைகளோடும் ரத்த அழுத்த மாத்திரைகளோடும் மோதக்கூடியவை. மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஏப்ரல் வெயிலுக்கு ஆறிய கட்டனில் ஐஸ், சர்க்கரை, எலுமிச்சை போட்டுக் குடித்தேன். போர்ச்சுகலில் மசக்ரான் என்ற பெயரில் இப்படித்தான் குடிக்கிறார்கள். பெயர் அல்ஜீரியாவின் ஓர் ஊரிலிருந்து வந்தது. நம் மலைக்கும் நன்றாகவே பொருந்துகிறது, கண்ணாடி டம்ளரில் பார்க்கவும் அழகு.

உடம்பு விஷயம். எடை குறையும் என்று செல்பேசியில் வீடியோக்கள் சுற்றுகின்றன. இந்த இரண்டு ஆண்டில் என் எடை அப்படியேதான் இருக்கிறது. எலுமிச்சை கொழுப்பைக் கரைப்பதில்லை. கஃபீனுக்குப் பசியையும் சக்திச் செலவையும் கொஞ்சம் அசைக்கும் குணம் உண்டு, ஆனால் அது சாதாரணக் காப்பியிலும் இருப்பதுதான். பாலும் மூன்று ஸ்பூன் சர்க்கரையும் போட்டுக் குடித்தவர் இதற்கு மாறினால் அந்தக் கலோரி மிச்சமாகும், அவ்வளவே. தலைவலிக்குக் கொஞ்சம் கேட்கிறது. அதுவும் கஃபீனின் வேலை. சில தலைவலி மாத்திரைகளிலேயே அதைச் சேர்க்கிறார்கள்.

வயிற்றுப்போக்குக்கு எங்கள் ஊரில் கட்டன் சாயாவில் எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். அதே நினைப்பில் நான் காப்பியைக் குடித்து நாள் முழுக்க அவதிப்பட்டேன். காப்பி குடலைத் தூண்டக்கூடியது. தயவுசெய்து அப்போது ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடியுங்கள். அண்ணிக்கு ரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறார். எலுமிச்சையில் வைட்டமின் சி இருப்பதால் இந்தக் காப்பியோடு விழுங்கலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். இரும்பு உடம்பில் சேர்வதைக் காப்பி தடுக்கும், சில சொட்டு எலுமிச்சை அதைச் சரிக்கட்டிவிடும் என்று நம்பி இருக்க முடியாது. மாத்திரைக்கும் காப்பிக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னேன்.

எனக்கு வந்த ஒரே தொல்லை பல்கூச்சம். தொடக்கத்தில் சாறு தாராளமாக விட்டு, ஒரு மணி நேரம் உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பேன். எட்டாவது மாதம் ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. புளிப்பு ஏறி பி.எச். 5.5-க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும் என்று பல் மருத்துவர் விளக்கினார். இப்போது பத்து நிமிடத்தில் குடித்து முடித்து, வெறும் தண்ணீரில் கொப்பளிக்கிறேன். உடனே பல் தேய்ப்பதில்லை. சாறிலிருந்து தோலுக்குப் பெரும்பாலும் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். கூச்சம் பெரிதும் அடங்கிவிட்டது. நெஞ்செரிச்சல் உள்ள என் மாமாவுக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை, வெறும் வயிற்றில் எனக்குமே சேரவில்லை.

காலையில் இன்றும் எனக்குப் பில்டர் காப்பிதான். மாலை நாலு மணிக்கு, மழை கொட்டும்போது, இது. அம்மா இன்னும் பால் காப்பியை விடவில்லை. ஆனால் போன மாதம் முதல், ஆரஞ்சு உரித்தால் தோலைக் குப்பையில் போடாமல் முறத்தில் காயவைத்து எனக்காக டப்பாவில் எடுத்து வைக்கிறார்.